இல்லத்தில் தங்கிப் பராமரிக்கும் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு

அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாழும் இல்லத்தில், அவர்களோடு தங்கி வேலை பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்ப்பக்கங்களிலும் இந்த வேலைக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்கள். வேலை கடினம் என்பதைவிட, என்ன வேலை என்று யாரும் சொல்லித் தராததுதான் பெரும்பாலும் காரணம்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் அங்கேயே தங்குவதற்கான காரணம் வேறு. இல்லத்தில் இருப்பவர்களில் பலருக்கு ‘வலிக்குது’ என்று சொல்லத் தெரியாது. அவர்களுடைய வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவரால்தான் இன்றைக்கு ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்க முடியும். மாதம் ஒருமுறை பார்க்கிற டாக்டருக்கும் வருடத்தில் இரண்டு தடவை வருகிற உறவினருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. கூடவே இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். கீழே சொல்வது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

சேருவதற்கு முன்

போனில் பேசி முடிக்காதீர்கள். நேரில் போங்கள், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். சாப்பாடு எப்படி இருக்கிறது என்பதோடு, யார் யாருக்கு ஊட்டுகிறார்கள், உட்கார்ந்து ஊட்டுகிறார்களா நின்றுகொண்டே திணிக்கிறார்களா என்று பாருங்கள். குளியலறைக்குக் கதவு இருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் தனித் துணி இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாருக்கும் ஒரே மூட்டையிலிருந்து சட்டை எடுத்துப் போடும் இடமாக இருந்தால் யோசியுங்கள்.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சையும் பராமரிப்பும் தரும் இடத்துக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். குழந்தைகள் இருந்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வரும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அப்புறம் உங்கள் விஷயம். சம்பளம் எவ்வளவு, வாரவிடுப்பு எந்த நாள், இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள், நீங்கள் தூங்க எந்த அறை, எத்தனை மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்க முடியும்: இவற்றை எழுதி வாங்குங்கள். ‘தங்கி வேலை’ என்றால் 24 மணி நேரமும் வேலை என்று சில இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். அதைச் சேரும்போதே பேசிவிடுவது நல்லது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள்.

நல்ல இல்லம் உங்களிடமும் ஆதார், காவல்துறைச் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று எல்லாம் கேட்கும். கேட்டால் சங்கடப்படாதீர்கள், அவர்கள் சரியாக நடத்துகிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசியைத் தொடங்கிவிட்டுப் போங்கள். ஆறு மாதத்தில் மூன்று ஊசி. கடி, கீறல், ரத்தம் எல்லாம் இந்த வேலையில் சாதாரணமாக வரும்.

முதல் வாரம்: நோட்டும் பேனாவும்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம். எப்போது எழுந்திருக்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளிக்கிப் போகிறார், எதற்குப் பயப்படுகிறார், சந்தோஷமாக இருந்தால் என்ன செய்வார், வலித்தால் என்ன செய்வார். பழைய ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள். சமையலக்காவிடம் கட்டாயம் கேளுங்கள். பல இல்லங்களில் எல்லாரையும் அதிக வருடம் பார்த்தவர் அவர்தான்.

ஒவ்வொருவருடைய ஃபைலையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அடையாள அட்டை, பெரியாஸ்பத்திரிச் சீட்டு, இப்போதைய மாத்திரைப் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக வலிப்பு வந்தது எப்போது.

எங்கள் இல்லத்தில் நாற்பது வயது தாண்டிய ஓர் அண்ணன் இருக்கிறார். பேச்சு வராது. காலையில் இட்லியைச் சீனி தொட்டுத்தான் சாப்பிடுவார், சாம்பார் ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் அந்தச் சீனி இட்லியையே ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றார். சாயங்காலம் கன்னத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். புதிதாக வந்திருந்த தம்பி, “கோபமா இருக்காருக்கா, டாக்டர்ட்டச் சொல்லி மாத்திரையைக் கூட்டணும்” என்றான். சமையலக்கா காலையில் தட்டைப் பார்த்திருந்தார். டார்ச் அடித்து வாயைத் திறக்கவைத்துப் பார்த்தால், கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. பல் டாக்டரிடம் போய் வந்ததும் அடிப்பது நின்றுபோனது. வலிப்புக்கு ஃபெனிடோயின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஈறு தடிக்கும். அதனால் இப்போது நாங்கள் வாரம் ஒருமுறை டார்ச் அடித்து எல்லார் வாயையும் பார்க்கிறோம்.

திடீரென்று ஒருவர் முரண்டு பிடித்தால், அடித்தால், அழுதால், முதலில் உடம்பைத் தேடுங்கள். பல், காது, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, மாதவிடாய் வலி, செருப்புக்குள் கல். இதெல்லாம் இல்லையென்றால் இடத்தைத் தேடுங்கள்: புது ஆள், புதுச் சத்தம், மாறிப்போன நேரம். என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். நாலைந்து முறை எழுதினால் காரணம் தானே தெரியவரும்.

குளியல்

புதியவர்கள் அதிகம் கூச்சப்படுவது இங்கேதான். கூச்சம் இருப்பது நல்லதும்கூட, அவருக்கும் அது உண்டு என்று நமக்கு ஞாபகம் இருக்கும். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். கதவு சாத்தியிருக்க வேண்டும், ஆனால் வலிப்பு உள்ளவர் உள்ளே இருந்தால் தாழ்ப்பாள் போடக் கூடாது.

தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். “அண்ணே, முதுகுல தண்ணி ஊத்தப் போறேன், சரியா?” அவருக்குப் புரியுமா என்று யோசிக்க வேண்டாம். உங்கள் குரலும் அதன் பிறகு வரும் தண்ணீரும் சேர்ந்து பழகிவிடும், நாலு நாளில் தோளை அவரே திருப்பிக் கொடுப்பார். உங்களைவிட வயதில் மூத்தவரை அண்ணே, அக்கா என்றே கூப்பிடுங்கள்.

வெந்நீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கை ஏமாற்றும். மக்கை அவர் கையில் கொடுங்கள். தலையில் பாதி, தரையில் பாதி ஊற்றினாலும் பரவாயில்லை. பத்து நிமிடத்தில் முடிகிற குளியல் இருபது நிமிடம் ஆகும். ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால், இருக்கிற கைப்பழக்கமும் அவருக்குப் போய்விடும்.

துவட்டும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள். படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவர்களுக்கு இடுப்பின் பின்பக்கம், குதிகால், முழங்கை. நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. மற்ற இடத்தைவிடக் கறுத்து, சூடாக அல்லது கெட்டியாக இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம். அதன்மேல் எடை விழாமல் திருப்பிப் படுக்கவையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். காரணம் தெரியாத காயமோ கன்றலோ கண்டால் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது என்று தேதியோடு எழுதுங்கள்.

தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அப்புறம் தூக்குங்கள். கனமானவரைத் தனியாகத் தூக்குவதில் பெருமை எதுவும் இல்லை. இந்த வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர் முதுகுவலியால்தான் போகிறார்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்காரவைத்து, அவர் கண்மட்டத்துக்கு நீங்களும் உட்கார்ந்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். நம் ஊரில் டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இருக்கிறது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அப்படி ஊற்றவே கூடாது, தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தாடை சற்றுத் தாழ்ந்திருக்க, அவருக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். சாப்பிடும்போது இருமல், கண்ணில் தண்ணீர், குரல் நனைந்த மாதிரி மாறுவது, அடிக்கடி சளிக்காய்ச்சல் எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.

புரையேறி இரும முடிகிறதென்றால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் மாறினால் முன்னால் சாய்த்து இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக ஐந்து தட்டு. வராவிட்டால் பின்னாலிருந்து கட்டி, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 108க்கு அடிக்கட்டும். இதைச் சேர்ந்த முதல் வாரமே யாரிடமாவது செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். படித்தால் மட்டும் கை வராது.

இனி அன்னதானம். பிறந்தநாள், திருமணநாள், திதி என்று மதுரையில் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்க வருகிறவர்கள் நிறைய. நல்ல மனதோடுதான் வருகிறார்கள், பல இல்லங்கள் ஓடுவதே அவர்களால்தான். ஆனால் வருவது பிரியாணி, பரோட்டா, கேக், ஜாங்கிரி. பரோட்டாவை மென்று விழுங்க முடியாதவருக்கு அது ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஜாங்கிரியும் ஜிகர்தண்டாவும் ஆபத்து. அவர்களுக்கு மட்டும் கொடுக்காமல் விட்டால் மனம் நோகும். எனவே முதல் நாளே போன் செய்து யார் யாருக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிடுவதுதான் வழி. “மூணு பேருக்குக் குழைஞ்ச சாதமாக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

போட்டோ விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். ஊட்டுவதுபோல நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாதவர் வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? இல்லத்தின் பலகையையும் சமையல் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். முகங்களை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீரை யாரும் கேட்கக் காத்திருக்காதீர்கள். மணிக்கொரு தடவை நீங்களே கொடுங்கள். மனநல மாத்திரைகள் சிலவற்றால் வேர்வை குறையும், உடம்புச் சூடு தணியாது. லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த மருந்தே நஞ்சாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.

மாத்திரையும் வலிப்பும்

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி (வாய்வழியா, வேறு வழியா). ஒவ்வொரு வேளையும் இந்த ஐந்தையும் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியதும் கடையில் வாங்கியதும் வேறு வேறு நிறமாக இருக்கலாம், அட்டையில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். கொடுத்த உடனே கையெழுத்துப் போடுங்கள், ராத்திரி மொத்தமாகப் போட வேண்டாம். வலிப்பு மாத்திரையை விரதம், பயணம், ஸ்டாக் இல்லை என்று எந்தக் காரணத்துக்காகவும் திடீரென நிறுத்தக் கூடாது. ஒரு வாரத்துக்கு மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்க நாலு பேர் ஓடிவருவார்கள். வேண்டாம். சாவியால் வலிப்பு நிற்காது, அது தானாக நிற்கும்போது சாவிக்குப் பேர் கிடைக்கிறது, அவ்வளவுதான். செய்ய வேண்டியவை: போனில் நேரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள பொருளை நகர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்கக் கூடாது, கை கால்களைப் பிடித்து அமுக்கக் கூடாது, முழு நினைவு வரும்வரை தண்ணீரோ சோடாவோ கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், முதன்முறையாக வந்தால், அடிபட்டிருந்தால் 108.

சித்திரைத் திருவிழா சமயத்தில் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். அழகர் இறங்கிவரும் நாட்களில் அழகர்கோவில் சாலை, மூன்றுமாவடி, தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் கூட்டத்தில் நிறைந்திருக்கும். அந்தப் பக்கம் உள்ள இல்லங்கள் மாத்திரையை முன்கூட்டியே வாங்கிவைத்து, அவசரமென்றால் எந்த வழியாக எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று எழுதி ஒட்டிவைக்க வேண்டும். வேட்டும் மைக்செட்டும் ஆட்டிசம் உள்ள சிலருக்குத் தாங்க முடியாத வேதனை. தெருவிலிருந்து தள்ளிய உள்ளறையை அவர்களுக்கு ஒதுக்கி, மின்விசிறியைப் போட்டு, பிடித்த பொருளைக் கையில் கொடுத்து, கூட ஒருவர் இருங்கள். திருவிழா பிடித்தவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கூட்டம் குறைந்த நேரத்தில் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

இரவு

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்ததில் 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. ஆனால் பூட்டு இன்னும் இருக்கிறது. இரவில் வெளிக்கதவைப் பூட்டினால் சாவி விழித்திருப்பவர் இடுப்பில் இருக்க வேண்டும், ஆபீஸ் மேசைக்குள் அல்ல. யாரை முதலில் வெளியே கொண்டுபோவது, நடக்க முடியாதவரைப் போர்வையோடு எப்படி இழுப்பது என்று பகலில் ஒருமுறை செய்து பாருங்கள். கரண்ட் போனால் டார்ச் எங்கே என்பது உங்கள் கைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இரவுப் பணி மாறும்போது நோட்டில் எழுதியதை வாயாலும் சொல்லுங்கள். தூங்கினாரா, எத்தனை தடவை எழுந்தார், வெளிக்கிப் போனாரா. ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதினால் காலையில் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

தப்பு நடப்பதைப் பார்த்தால்

அடிப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, கேலி செய்வது, தகாத முறையில் தொடுவது, உதவித்தொகையை எடுத்துக்கொள்வது. உடன் வேலை செய்பவரோ, நிர்வாகியோ, உறவினரோ, யாராக இருந்தாலும் எழுதுங்கள், சொல்லுங்கள். தன் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ தண்ணீரோ மறுப்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 18 வயதுக்குக் கீழானவர் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567. இந்த எண்களை போனில் பதிந்துவையுங்கள்.

உங்களுக்கும் உடம்பு இருக்கிறது

வாரவிடுப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். அன்றைக்கு இல்லத்திலேயே படுத்துக் கிடந்தால் யாராவது கூப்பிடுவார்கள், வீட்டுக்குப் போங்கள், இல்லாவிட்டால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். கோபம் தலைக்கேறும் நேரம் எல்லாருக்கும் வரும். அப்போது அவரைப் பாதுகாப்பாக உட்காரவைத்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லி வெளியே போய் முகம் கழுவுங்கள். அப்படிச் சொல்ல முடிகிற இல்லம்தான் நீடித்து வேலை பார்க்க முடிகிற இல்லம். தூக்கம் வராமல், அழுகையாகவே இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்தத் துறையில் மேலே போக விரும்பினால் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த பராமரிப்புச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. வேலை பார்த்த அனுபவத்தோடு படிக்கும்போது பாடம் எளிதாகப் புரியும்.

ஊருக்குப் போகும்போதும் வேலையை விடும்போதும் சொல்லாமல் போகாதீர்கள். பேசத் தெரியாதவரிடமும் சொல்லுங்கள். காலண்டரில் கிழமையைக் காட்டி, திரும்பி வருவதாக இருந்தால் அந்தத் தேதியில் அவர் கையாலேயே ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரேயடியாக விலகுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே நிர்வாகத்திடம் சொல்லி, வரப்போகும் ஆளோடு ஒரு வாரமாவது சேர்ந்து வேலை பாருங்கள். உங்கள் நோட்டை அவரிடம் கொடுத்து, ஒவ்வொருவர் பக்கத்தையும் அந்த அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே படித்துக் காட்டுங்கள்.